வெயிலைப் பொருட்படுத்துதல்

‘கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல்’ என்னும் தொடர் தமிழ்ச் செய்தி நடையில் ஏறக்குறைய ஒற்றைச் சொல்லாகவே இறுகிவிட்டது. தேர்த்திருவிழாக் கூட்டமோ, வாக்குச்சாவடி வரிசையோ, மாரத்தான் ஓட்டமோ, நெடுந்தூர மிதிவண்டிப் பயணமோ, மார்ச் முதல் ஜூன் வரை எந்தச் செய்தியும் இத்தொடர் இன்றி நிறைவுறுவது அரிது. இத்தகைய உறைதொடர்களைச் சொல் சொல்லாகப் பிரித்து எவரும் வாசிப்பதில்லை. ஆயினும் ஒரு சமூகம் எதைப் பாராட்டுகிறது என்பதை அதன் உறைதொடர்களே ஒளிவின்றிக் காட்டிக்கொடுக்கின்றன. இங்கே தூரமும் வேகமும் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றன, முதற்பாராட்டு பொருட்படுத்தாமைக்கே.

ஊதியமின்றித் தம் விருப்பத்தால் இந்தியக் கோடையில் இருநூறும் நானூறும் அறுநூறும் கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டுவோருக்குக் கிடைக்கும் வாழ்த்துகள் பெரும்பாலும் இத்தொடரின் ஏதேனும் ஒரு வடிவத்தைச் சுமந்தே வருகின்றன. அவர்களுடைய விளையாட்டைச் சற்று நெருங்கிக் கவனித்தால் உண்மை இதற்கு நேரெதிராக இருப்பது தெரியும். வெயிலைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பொருட்படுத்துபவரே அடுத்த கோடையிலும் சாலையில் இருப்பார். தொழில்முறை சாராத நெடுந்தூர விளையாட்டாளருக்கு வாய்த்த தனிப்பெரும் உரிமை, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் உரிமை. அவ்வுரிமையை இன்றைய பாராட்டு மொழி மெல்லப் பறித்துக்கொண்டிருக்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் இவ்விளையாட்டின் அமைப்பு. இந்திய நகரங்கள் பலவற்றில் இன்று பரவியுள்ள நெடுந்தூர மிதிவண்டி ஓட்டத்தின் அலகு ‘பிரெவே’ எனப்படுகிறது. சான்றிதழ் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. 1904இல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளே உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்பவை கால வரம்புகள். உண்பதும் உறங்குவதும் பஞ்சர் ஒட்டுவதும் இந்த நேரத்துக்குள்ளேயே அடங்கும். வழியில் உள்ள கட்டுப்பாட்டு இடங்களில் கையிலுள்ள அட்டையில் முத்திரை பெற வேண்டும். அவ்விடங்களுக்கு வெளியே பிறர் உதவி கூடாது. நவம்பர் தொடங்கி அக்டோபர் வரையிலான ஒரு பருவத்துக்குள் இந்த நான்கு தூரங்களையும் முடிப்பவர் ‘சூப்பர் ராண்டனூர்’ என்னும் தகுதி பெறுகிறார்.

இவ்விதிகளில் கவனத்துக்குரியவை இரண்டு. முதலாவது, இங்கே தரவரிசை இல்லை. எட்டு மணி நேரத்தில் 200 கிலோமீட்டர் கடந்தவரும் பதின்மூன்றேகால் மணி நேரத்தில் கடந்தவரும் பெறுவது ஒரே சான்று. இரண்டாவது, தாமதத்துக்கு வரம்பு உள்ளதுபோல் விரைவுக்கும் வரம்பு உண்டு. கட்டுப்பாட்டு இடம் திறக்கும் நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்தவர் காத்திருந்துதான் முத்திரை பெற வேண்டும். பிறரை வெல்லும் வாய்ப்பே இல்லாமல் வடிவமைக்கப்பட்ட ஒரு விளையாட்டு, ‘வெயிலை வென்றார்’, ‘சாலையை வென்றார்’ என்னும் வெற்றிச் சொற்களால் வருணிக்கப்படுவது விந்தையே.

ஒருவருடைய கோடையைக் கற்பனையாகத் தொடரலாம். ஹைதராபாத்தில் ஒரு வங்கியில் பணியாற்றும், முப்பத்தைந்து வயதுடைய, பள்ளி செல்லும் மகள் ஒருத்தியின் தாய். மார்ச்சில் 200, ஏப்ரலில் 300, மே மாதத்தில் 400, ஜூனில் 600 என்பது அவருடைய திட்டம். இடையே ஞாயிறு விடியலில் 40 கிலோமீட்டர் தனிநபர் நேரப் போட்டி ஒன்று. ஆகஸ்டில் நடக்கும் ஹைதராபாத் மாரத்தானுக்காக வாரம் இருமுறை ஓட்டப் பயிற்சி. அலாரம் அதிகாலை மூன்றரைக்கு ஒலிக்கும். முந்தைய இரவே புட்டிகளில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆயத்தமாக இருக்கும். எட்டு மணிக்குள் வீடு திரும்பி, மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி, பத்து மணிக்கு வங்கி முகப்பில் அமர்ந்தாக வேண்டும்.

நான்கு பிரெவேக்களின் கால வரம்புகளைக் கூட்டினால் 100 மணி 30 நிமிடம். பயிற்சி நேரம் அதனினும் பன்மடங்கு. அந்த நேரம் எங்கிருந்தோ வானத்திலிருந்து வருவதில்லை. ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே அவருடைய கோடை அவருக்கு மட்டுமே உரியதன்று. அவர் சாலையில் விழுந்தால் அதன் விலையைக் கொடுப்பவர்களும் வேறு சிலரே. ‘தம் எல்லைகளைத் தாமே தகர்த்தவர்’ என்று வாழ்த்துவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இத்தகையவரைக் குறிக்கத் தமிழில் நல்ல சொல் ஒன்று உண்டா? ‘அமெச்சூர்’ என்றால் இன்று அரைகுறை என்னும் பொருளே மேலோங்கி நிற்கிறது. ‘அமெச்சூர்தனம்’ என்பது வசைக்கு அருகில் வந்துவிட்டது. சொல்லின் வரலாறோ வேறு. இலத்தீனத்தில் அன்பு செய்பவர் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து தமிழுக்கும் வந்தது அது. தமிழில் அதற்கு மதிப்புமிக்க ஒரு காலமும் இருந்தது. 1891 ஜூலையில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. கற்றவர்களும் பணியில் இருப்பவர்களும் ஊதியம் பெறாமல் மேடையேறிய அவ்வகை நாடகத்துக்குப் ‘பயில்முறை நாடகம்’ என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. பயில்தல் என்பது கற்றலையும் திரும்பத் திரும்பச் செய்தலையும் ஒருசேரக் குறிக்கும் வினை. விளையாட்டுக்கும் ‘பயில்முறை’ என்னும் சொல்லையே கொள்வது தகும்.

அதே 1891 செப்டம்பரில் பிரான்சில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் மிதிவண்டிப் பந்தயம் முதன்முறையாக நடந்தது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரைத் தொழில்முறை வீரர் ஷார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் கடந்து வென்றார். பிற்காலத்தில் இப்பந்தயத்துக்கு நேர்ந்தது சிந்திக்கத்தக்கது. 1931இல் பயில்முறை ஓட்டக்காரர்களுக்கான பிரிவு ஆடாக்ஸ் கிளப் பாரிசியனால் தொடங்கப்பட்டது. தொழில்முறைப் பந்தயமோ 1951உடன் நின்றுபோயிற்று. ஊதியம் பெற்றவர்கள் விலகிச் சென்ற சாலையில் ஊதியம் பெறாதவர்கள் இன்றும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் சூப்பர் ராண்டனூர் தகுதியோடு சென்று கலந்துகொள்கிறார்கள்.

‘பயில்முறை’ என்பதைப் போற்றும்போது அதன் இழிந்த வரலாற்றையும் மறைக்கலாகாது. இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி 1879இல் வகுத்த விதி, கூலிக்கு உழைக்கும் கைவினைஞரும் இயந்திரத் தொழிலாளரும் உடலுழைப்பாளரும் அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்றது. அவ்விலக்கு 1930களின் பிற்பகுதி வரை நீடித்தது. உழைப்பவரை விலக்கிவைத்து விளையாட்டை ஒரு வர்க்கத்தின் சொத்தாக்கிய விதி அது. இன்று எவரும் அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தொழில்முறை மிதிவண்டி வீரர்களும் அனுமதிக்கப்பட்டபோது பழைய வேலிகளில் இன்னொன்று சரிந்தது.

ஆயினும் அந்த இழிந்த விதிக்குள் ஓர் உண்மை தற்செயலாகச் சிக்கியிருந்தது. தன் வாழ்வாதாரம் பந்தயத்தில் தொங்காதவர் எந்த நொடியிலும் விலகிவிட முடியும். அவருக்கு ஒப்பந்தம் இல்லை. அணி மேலாளர் இல்லை. அடுத்த ஆண்டின் ஊதியம் இன்றைய மலையேற்றத்தில் அடங்கியிருக்கவில்லை. பயில்முறையாளரைத் தொழில்முறையாளரிடமிருந்து பிரிக்கும் கோடு திறமையில் இல்லை, பணத்தில்கூட முழுதாக இல்லை. நிறுத்தினால் என்ன இழப்பு என்ற கேள்விக்கான விடையில்தான் அது இருக்கிறது.

இந்தியக் கோடையில் இது உயிர் தொடர்பான கேள்வி. சமவெளியில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 பாகையோ அதற்கு மேலோ மிகும்போது அதை வெப்ப அலை என்கிறது இந்திய வானிலைத் துறை. 45 பாகையைத் தொட்டால் இயல்பு எதுவாயினும் அது வெப்ப அலையே. இந்த அளவீடு நிழலில் எடுக்கப்படுவது. தார்ச்சாலையின் மேற்பரப்பில் நிலை இன்னும் கடுமை. மிதிவண்டி ஓட்டுபவரின் தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதை வெளியேற்ற உடலுக்குள்ள முதன்மை வழி வியர்வை ஆவியாதல். மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது இயல்பு. இரண்டு லிட்டரும் நேரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழிந்து வீணாகுமே தவிர ஆவியாகிக் குளிர்விக்காது. ஆகவே விசாகப்பட்டினத்தின் 36 பாகை சில வேளைகளில் நாகபுரியின் 42 பாகையினும் கொடிது.

நீரை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இறங்கியிருந்ததைக் கண்டது. மிகையாக நீர் அருந்தியதே அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ‘தண்ணீர் குடித்துக்கொண்டே இரு’ என்னும் நல்லெண்ண அறிவுரையும் பொருட்படுத்தாமையின் இன்னொரு வடிவமே; உடல் என்ன கேட்கிறது என்பதை அதுவும் கேட்பதில்லை.

உடலுழைப்பால் நேரும் வெப்பத் தாக்கில் உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடக்கும். வியர்வை நின்று தோல் வறண்டால்தான் ஆபத்து என்பது பரவலான தவறான எண்ணம். உழைத்துக்கொண்டிருப்பவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே தாக்கு நேரலாம். அதன் உண்மையான அடையாளம் மூளையில் தெரியும். குழறிய பேச்சு, பொருந்தாத சினம், திசை தடுமாற்றம். அந்நிலையில் மருத்துவமனைக்கு விரைவதற்கு முன்பே குளிர்ந்த நீரில் உடலை அமிழ்த்தியோ, நீரை இடைவிடாமல் ஊற்றியோ குளிர்விக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தின் உறுதியான பரிந்துரை.

இதில் ஒரு கொடிய முரண் உள்ளது. நிறுத்தலாமா என்று முடிவு செய்ய வேண்டிய உறுப்பே முதலில் பழுதாகிறது. ஆகவே நிறுத்தும் முடிவை நெருக்கடி வந்த பின் எடுக்க இயலாது. வீட்டை விட்டுப் புறப்படும் முன், தெளிந்த மனத்தோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய முடிவு அது.

மேற்கண்ட வங்கி ஊழியரின் மே மாத 400க்குத் திரும்பலாம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹைதராபாத்தின் தெற்கு விளிம்பில் தொடக்கம்; தேசிய நெடுஞ்சாலை 44 வழியே குர்நூல் சென்று திரும்ப வேண்டும். ஷாத்நகர், ஜட்சர்லா, கொத்தகோட்டா, பெப்பேர் என ஊர்கள் இரவில் கடக்கின்றன. பீச்சுபள்ளியில் கிருஷ்ணை, குர்நூலின் வாயிலில் துங்கபத்திரை. விடியலில் குர்நூலில் முத்திரை, இட்லி, அரை மணி நேரம் கண்ணயர்வு. திரும்பும் வழியில் பத்து மணிக்கே காற்று உலைவாய்க் காற்றாகிறது. ஒரு மணி அளவில் ஜட்சர்லாவை நெருங்கும்போது கடந்த தூரம் 330 கிலோமீட்டர். எஞ்சியது 70, எஞ்சிய நேரம் ஏழு மணி. கணக்குப்படி இது மிக எளிது.

சாலையோர உணவகத்தின் நிழலில் அவர் இரண்டு மணி நேரம் படுத்திருக்கிறார். தலையில் நீர் ஊற்றியாயிற்று. உப்புக் கரைசல் அருந்தியாயிற்று. அருந்தியது வாந்தியாக வெளியேறுகிறது. அட்டையில் எழுதியுள்ள எண்களைக் கூட்ட முயல்கையில் இருமுறை தவறுகிறது. புறப்படும் முன் தாமே எழுதிய விதி கைப்பேசியின் முகப்பில் இருக்கிறது: வயிற்றில் நீர் தங்காவிட்டால், எளிய கூட்டல் பிழைத்தால், நிறுத்து. அவர் ஒருங்கிணைப்பாளருக்குத் தகவல் சொல்கிறார், கணவருக்குத் தொலைபேசுகிறார். மாலை வெயில் சாயும் வேளையில் மிதிவண்டி ஒரு காரின் பின்புறம் ஏறுகிறது.

அந்த நாளின் பதிவில் அவர் பெயருக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்றிருக்கும். பாரிசுக்குச் செல்லும் முடிவுகளின் பட்டியலில் அவர் பெயரே இராது. அங்கே முடித்தவர்களுக்கு மட்டுமே எண் வழங்கப்படுகிறது. அன்று சாலையில் இருந்தவர்களுள் மிகக் கடினமான முடிவை மிகச் சரியாக எடுத்தவர் எந்த ஆவணத்திலும் இல்லை. அதே வெயிலில், அதே குமட்டலோடு, எஞ்சிய 70 கிலோமீட்டரையும் ஓட்டி, தப்பிப் பிழைத்து வந்து சேர்ந்த ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு மாலையும் பதக்கமும் ‘கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல்’ என்னும் வாழ்த்தும் கிடைத்திருக்கும். பிழைத்தவரைக் கொண்டு மட்டுமே இலக்கணம் எழுதினால் இலக்கணம் பிழைபடும். ஆய்வுலகில் இதை மாதிரித் தெரிவின் பிழை என்பர். எதிர்மறை முடிவுகள் அச்சேறாத இதழ்களின் பிழையும் இதுவே.

இந்தப் பிழையைச் செயலிகள் பன்மடங்காக்கியிருக்கின்றன. ஓட்டத்தைப் பதிந்து பிறருக்குக் காட்டும் ஸ்ட்ராவா முதலிய செயலிகள் பயிற்சிக்கு உதவும் கருவிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் செயலியில் பதிவாகாத ஓட்டம் நடக்காத ஓட்டமே என்று ஓட்டக்காரர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் வேடிக்கையில் பாதிக்கு மேல் உண்மை. பார்வையாளர் தோன்றிய உடனே கடமையும் தோன்றிவிடுகிறது. ‘நாளை 400’ என்று முந்தைய நாள் அறிவித்தவருக்கு ஜட்சர்லாவில் இறங்குவது இரட்டிப்புக் கடினம்; எஞ்சிய தூரத்தோடு, வந்து குவிந்துவிட்ட வாழ்த்துகளையும் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊதியம் இல்லாமலேயே ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலைக்குச் சென்றுவிடுகிறார். தொழில்முறை வீரருக்கு நிறுத்தினால் பணம் போகும். இவருக்கு முகம் போகும். பயில்முறையாளரின் உரிமை பறிபோகும் இடம் இதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நெடுந்தூர விளையாட்டின் சாரமே தாங்குதல் அல்லவா? நிறுத்துவதை உரிமை என்று கொண்டாடினால் எவரும் எதையும் முடிக்கமாட்டார். முதல் வலியிலேயே எல்லாரும் இறங்கிவிடுவர். பொறை என்பது சுமையையும் பொறுமையையும் ஒருசேரக் குறிக்கும் மொழியில், இறக்கி வைப்பதை எப்படிப் பெருமையாக்குவது?

மறுப்பில் நியாயம் உண்டு. வலி வேறு, ஆபத்து வேறு என்று அறிவதே இவ்விளையாட்டின் கல்வி. தொடையெரிச்சலும் தூக்கமும் சலிப்பும் தாங்குவதற்கு உரியவை. அவற்றைக் கடப்பதற்காகவே மக்கள் இதில் இறங்குகிறார்கள். குழறும் பேச்சும் தங்காத நீரும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இந்த வேறுபாட்டைக் கற்பதற்கு ஒருவர் இரண்டின் அருகிலும் சென்று திரும்பியிருக்க வேண்டும். அவ்வாறு திரும்பியவர்களையும் ஆசிரியர்களாக ஏற்க மறுக்கும் ஒரு விளையாட்டுச் சமூகம் தன் பாடநூலின் பாதியைக் கிழித்துப் போடுகிறது.

பெரும் சாதனையாளர்களின் வரலாறும் நிறுத்தத்தைக் கழித்துவிட்டு எழுதத்தக்கதன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஏறக்குறைய 4,800 கிலோமீட்டரை 12 நாள்களுக்குள் கடக்க வேண்டிய ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ பந்தயத்தைத் தனியாக முடித்த முதல் இந்தியர் ராணுவ மருத்துவர் சீனிவாஸ் கோகுல்நாத். அவர் முடித்தது 2017இல். 2016இல் அதே பந்தயத்தில் இறங்கி, இடையில் விலகியிருந்தார். முதல் ஆண்டின் விலகலை நீக்கிவிட்டால் இரண்டாம் ஆண்டின் நிறைவு விளங்காது. அதே 2017இல் அவரைத் தொடர்ந்து நாகபுரி மருத்துவர் அமித் சமர்த்தும் முடித்தார். மருத்துவப் பயிற்சி உடையோர் இருவர் இப்பந்தயத்தில் முதலில் நிறைவு கண்டது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் உடலின் குறிப்புகளைப் படிக்கக் கற்றவர்கள் அவர்கள் என்பதும் உண்மை.

தமிழ் மொழியே இந்த உறவை அறிந்து வைத்திருக்கிறது. ‘விடு’ என்னும் வினையைக் கவனிக்கலாம். முதன்மை வினையாக வரும்போது அது கைவிடுதலைக் குறிக்கும்: ஓட்டத்தை விட்டார். துணைவினையாக வரும்போது செயலின் நிறைவைக் குறிக்கும்: ஓடிவிட்டார், முடித்துவிட்டார். கையிலிருந்து ஒன்றை நழுவ விடுவதும் அதை முழுமையாகச் செய்து தீர்ப்பதும் ஒரே வேரில் நிற்கின்றன. எந்தச் செயலும் விடப்படும்போதுதான் முடிகிறது. எங்கே விடுவது என்பது மட்டுமே கேள்வி. சொல்லிலிருந்து நேரே அறத்தைப் பிழிந்தெடுப்பது மொழியியலுக்கு ஒவ்வாது என்பது உண்மையே. எனினும் ‘விட்டவர்’ என்பதை இழிசொல்லாகக் கொள்வோருக்கு ‘முடித்துவிட்டவர்’ என்னும் சொல்லில் உள்ள ‘விட்டவரை’ நினைவூட்டுவதில் தவறில்லை. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆள்வோருக்காக வகுக்கப்பட்டவை அவை. மே மாதத்து நெடுஞ்சாலையில் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் தேவை இந்த மூன்று அறிவே, இதே வரிசையில்.

இவ்வாதத்தின் மிகக் கடினமான பகுதி இனிமேல்தான். நிறுத்தும் உரிமை எல்லாருக்கும் கிடைத்ததன்று. வங்கி ஊழியர் நிழலில் படுத்திருந்த அதே ஒரு மணிக்கு, ஹைதராபாத்தின் தெருக்களில் உணவுப் பொட்டலம் சுமந்து செல்பவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற வெளியே செல்ல விரும்பாதோர் பெருகுவர், ஆர்டர்களும் பெருகும். செயலிவழிப் பணிகளில் 2020–21இல் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக்கின் 2022 அறிக்கை மதிப்பிட்டது. அவர்களுள் இருசக்கர வண்டியில் பொருள் சேர்ப்பவருக்கு நிறுத்தம் என்றால் அன்றைய வருமானத்தின் நிறுத்தம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களுள் 44.8 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. அவர்களுள் மிகப் பலருக்கு அது வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் செல்லும் வழி. பிரெவே என்னும் சொல்லை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. வெயிலைப் பொருட்படுத்தாமல் ஓட்டுபவர் என்னும் பட்டம் எவருக்கேனும் பொருந்துமானால் இவர்களுக்கே பொருந்தும். இவர்களுடைய பொருட்படுத்தாமை வீரம் என்று வருணிக்கப்படுமானால், அது வறுமைக்குச் சூட்டப்படும் மாலை.

ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையை ஒட்டி 2023இல் 23 கிலோமீட்டர் நீள மிதிவண்டித் தடம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் கூரை முழுவதும் சூரிய மின்தகடுகள். கீழே நிழல், மேலே மின்சாரம். பாராட்டுக்குரிய முயற்சி அது. நகரத்தின் கட்டுமானத் தொழிலாளி வேலைக்குச் செல்லும் சாலைகளுக்கும் அந்த நிழல் ஏன் நீளக்கூடாது என்று கேட்பதற்கு மிகத் தகுதியானவர்கள் அத்தடத்தில் விடியலில் பயிற்சி செய்வோரே. நாற்பது பாகை வெயிலில் ஓர் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை நிமிடக் கணக்கில், இதயத் துடிப்புக் கணக்கில் அறிந்து வைத்திருப்பவர்கள் அவர்கள். விருப்பத்தால் பெற்ற அந்த அறிவு, விருப்பமின்றி வெயிலில் நிற்பவருக்குப் பயன்படாவிட்டால் பயில்முறை விளையாட்டு ஹென்லியின் வேலிக்குள் மீண்டும் அடைபட்டுவிடும்.

செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாவது, முடித்தவர்களின் பட்டியலோடு நிறுத்தியவர்களின் பதிவையும் ஒவ்வொரு மன்றமும் பேண வேண்டும்: எத்தனையாவது கிலோமீட்டர், எத்தனை மணி, அப்போதைய வெப்பம், நிறுத்தக் காரணம். பெயர் தேவையில்லை. சில கோடைகளின் பதிவுகள் சேர்ந்தாலே எந்த நெடுஞ்சாலையின் எந்தப் பகுதியில் எந்த நேரத்தில் உடல்கள் தோற்கின்றன என்னும் வரைபடம் கிடைத்துவிடும். அது மிதிவண்டி மன்றத்துக்கு மட்டுமல்ல, மாவட்ட நிர்வாகத்துக்கும் பயன்படும். அகமதாபாத் நகரம் 2010 மே மாத வெப்ப அலையில் பட்ட துயரத்துக்குப் பின் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தபோது தரவுகளையே அடித்தளமாகக் கொண்டது. 

இரண்டாவது, கோடைப் பிரெவேக்களின் தொடக்க நேரத்தை மாலைக்கு மாற்றும் வழக்கம் சில மன்றங்களில் உள்ளது. நண்பகல் இடைவேளைக்கு ஏற்ற நிழலும் நீரும் உள்ள இடங்களில் கட்டுப்பாட்டு இடங்களை அமைப்பதும் வழக்கமாக வேண்டும். இரவு ஓட்டத்துக்கு அதற்கேயுரிய ஆபத்துகள் உண்டு. 2022இல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். வெயிலிலிருந்து தப்பி லாரியின் முன் தூக்கத்தோடு செல்வது தப்பித்தலாகாது. ஆகவே மூன்றாவதாக, உறங்கி எழுந்து தாமதமாக வந்து சேர்ந்தவருக்கும் வழியில் இறங்கிக்கொண்டவருக்கும் முடிவிடத்தில் அதே தேநீரும் அதே கைதட்டலும் கிடைக்க வேண்டும்.

நான்காவது, மொழி சார்ந்தது. கல்விப்புலத்தில் இருப்போரால் இன்றே தொடங்க இயல்வது. இவ்விளையாட்டில் ஆய்வு மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறார்கள். உடல்நலத்தைப் பொருட்படுத்தாமல் ஆய்வேட்டை முடித்தார், குடும்பத்தைப் பொருட்படுத்தாமல் களப்பணி செய்தார் என்னும் புகழுரைகள் ஆய்வேடுகளின் நன்றியுரைகளிலும் பிரிவுபசார விழாக்களிலும் நாள்தோறும் ஒலிக்கின்றன. மே மாத நெடுஞ்சாலையில் உயிரைப் பறிக்கும் இலக்கணம் ஆய்வறையில் அதனினும் மெதுவாக வேலை செய்கிறது. அடுத்த முறை நெடுந்தூரம் ஓட்டித் திரும்பிய ஒருவரைச் சந்திப்போர், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்னும் வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்கலாம்: வழியில் எங்கெங்கே நின்றீர்கள், ஏன்? அந்த விடையில்தான் அவர் அந்தக் கோடையில் கற்றது என்ன என்பது இருக்கும்.